பனியன் கம்பெனி சிபியுவில் பஞ்சு: ஏர் கன் வைத்து ஊதலாமா?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் எல்லாம் ஒரே ஷெட்டில்தான். ஆபீஸ் என்று தனி ரூம் கிடையாது. கட்டிங் டேபிளுக்கும் செக்கிங் டேபிளுக்கும் நடுவில் அலுமினியத் தடுப்பு வைத்து அதற்குள் என் மேசையைப் போட்டிருக்கிறார்கள். தடுப்புக்கு மேல்புறம் திறந்தே இருக்கும். துணி வெட்டும்போது பறக்கிற பஞ்சு முழுக்க என் தலையிலும் கம்ப்யூட்டரிலும்தான் இறங்கும்.

கம்ப்யூட்டர் இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ3 சிப் போட்டது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே இருக்கிறது. டாலி, பார்கோடு, பிஎஃப், ஈஎஸ்ஐ, வாராந்திரச் சம்பளம் எல்லாம் இதில்தான். மூன்று வாரமாக ஒரு தொந்தரவு. காலையில் 9 மணிக்குப் போட்டால் நன்றாக ஓடும். 11 மணிக்கு மேல் சிபியுவுக்குள் விமானம் கிளம்புகிற மாதிரி இரைச்சல். அப்புறம் டாலியில் ஒரு ரிப்போர்ட் எடுக்கவே ஒரு நிமிஷம் ஆகிறது. மதியத்துக்குள் தானாக ஆஃப் ஆகிவிடும். மானிட்டர் லைட் எரியும், யுபிஎஸ் லைட்டும் எரியும், சிபியு மட்டும் போய்விடும். உடனே போட்டால் கறுப்புத் திரையில் சிபியு ஓவர் டெம்பரேச்சர் என்று ஏதோ வருகிறது, எஃப்1 அழுத்தச் சொல்கிறது.

போன சனிக்கிழமை சம்பளக் கணக்குப் போடும்போது நான்கு தடவை ஆஃப் ஆனது. எங்கள் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம்தான் வாரச் சம்பளம். வெளியே ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் பஸ் பிடித்துப் போக வேண்டியவர்கள். கடைசியில் பேப்பரில் எழுதிக் கூட்டி, கவரில் போட்டுக் கொடுக்க 8 மணி ஆகிவிட்டது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்த ஓர் அக்கா எதுவும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அது எனக்கு மிகவும் கஷ்டமாகப் போய்விட்டது.

முதலாளி நல்ல மனிதர்தான். "செக்கிங் டேபிளில் ஏர் கன் தொங்குதே, திறந்து ஒரு ஊது ஊதினா முடிஞ்சுது" என்கிறார். கம்ப்ரெசர் காற்றைப் பாய்ச்சுகிற அந்த ஏர் கன்னால்தான் மிஷின்களை எல்லாம் தினமும் ஊதிச் சுத்தம் செய்கிறார்கள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. போன வருஷம் சர்வீஸுக்குக் கொடுத்தபோது ஒரு வாரம் வைத்துக்கொண்டு, திறந்த அடையாளமே இல்லாமல் பில் மட்டும் போட்டுத் தந்தார்கள். அதனால் இந்த முறை நானே செய்யலாம் என்று நினைக்கிறேன். ஸ்குரு கழற்றத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தம்பி உதவிக்கு வருவான். ஏர் கன் வைத்து ஊதலாமா? வேறு என்ன வாங்க வேண்டும்? பஞ்சு போகாமல் இருக்க பனியன் துணியில் உறை தைத்து சிபியுவுக்குப் போட்டு வைத்திருக்கிறேன், அப்படியும் இப்படி ஆகிறது.


ஸ்டார்ஸ்குரு எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த உறையைக் கழற்றிவிடுங்கள். இதைப் படித்து முடித்த பிறகு அல்ல, இப்போதே. நல்ல எண்ணத்தில்தான் தைத்திருக்கிறீர்கள். ஆனால் சிபியு பெட்டி முன்பக்கம் மூச்சை இழுத்துப் பின்பக்கம் விடுகிற பொருள். பனியன் துணி இரண்டையும் அடைத்துவிடும், அதன் பங்குக்குப் பஞ்சையும் உதிர்க்கும்.

நான் ஈரோட்டில் 2005லிருந்து சர்வீஸ் செய்கிறேன். பென்டியம் 4 காலத்தில் ஆரம்பித்தது. விசைத்தறிக் கூடம், ஜின்னிங் மில், பனியன் கம்பெனி என்று பஞ்சுக்குள் ஓடும் கம்ப்யூட்டர்களே என் பிழைப்பில் பாதி. நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் கோளாறு சூடுதான். யுபிஎஸ் போயிருந்தால் மானிட்டரும் சேர்ந்து போயிருக்கும். இன்டெல் சிப் 100 டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; டாலி இழுப்பது அதனால். அதற்கும் சூடு அடங்காவிட்டால் மொத்தமாக அணைத்துவிடும். சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். சாகவில்லை, பயப்பட வேண்டாம்.

ஏர் கன் வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

வீட்டுத் தூசி வேறு, உங்கள் பஞ்சு வேறு. வீட்டுத் தூசி மாவு மாதிரி, ஊதினால் பறக்கும். பஞ்சு இழை. விசிறி அதை இழுத்து ஹீட் சிங்க், அதாவது சிப்பின் சூட்டை வாங்கி வெளியே விடுகிற உலோகத் தகடுகள் மேல் அழுத்த அழுத்த, ஒன்றோடொன்று பின்னிக் கம்பளிபோல் ஆகிவிடும். ஊதினால் அது வெளியே வராது. பாதி பிய்ந்து ராம் என்கிற மெமரிப் பலகையைச் செருகும் ஸ்லாட்டுக்குள்ளும் எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளைக்குள்ளும் போய் உட்காரும், மீதி தகடுகளுக்கு இடையில் இன்னும் ஆழமாக இறங்கும். பஞ்சை ஊதாதீர்கள், உரித்து எடுங்கள். ஊதுவது கடைசி வேலை, அதுவும் மென்மையாக. கம்ப்ரெசர் காற்றில் இருக்கிற மற்ற ஆபத்துகளை மெக்கானிக் யாராவது வந்து சொன்னால் நல்லது, என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். பெயிண்ட் கடையில் 1 அங்குல பிரஷ், புதியது, முடி மென்மையாக இருக்கட்டும். கையில் பிடிக்கிற எலக்ட்ரிக் புளோயர் 1000, 1500 ரூபாய்க்குக் கிடைக்கும்; பக்கத்துக் கடையில் இரவல் கிடைத்தால் அதுவே போதும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில், 99 சதவீதம் என்று போட்டிருப்பது. சிப்பிலிருந்து ஹீட் சிங்க்குக்குச் சூட்டைக் கடத்த நடுவில் வைக்கிற தெர்மல் பேஸ்ட் ஒரு சிரிஞ்சு, தேவைப்பட்டால் மட்டும் திறக்கலாம். இன்னொரு முக்கியமான ஆயுதம் உங்கள் ஷெட்டிலேயே இருக்கிறது. ஓவர்லாக் டைலர்கள் நூல் கோக்க வைத்திருக்கிற ட்வீசர். அதைவிட நல்ல கருவி இந்த வேலைக்குக் கிடையாது.

சனிக்கிழமையே டாலி டேட்டாவை பென் டிரைவில் எடுத்து அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். வேலை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நான் இதைச் செய்யாமல் ஸ்குருவைத் தொடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை முறைப்படி ஷட் டவுன் செய்து, சிபியுவுக்குப் பின்னால் இருக்கிற பவர் ஒயரையே பிடுங்குங்கள். சுவர் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் யுபிஎஸ் பேட்டரியிலிருந்து கரண்ட் வந்துகொண்டே இருக்கும், நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். ஒயர் பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சம் இருப்பது இறங்கிவிடும். எந்த ஒயர் எங்கே என்று பின்பக்கத்தை ஃபோனில் ஒரு படம். மூடியைக் கழற்றியதும் உள்பக்கத்தை நாலு படம்.

பெட்டியை ஷெட்டுக்கு வெளியே எடுத்துப் போங்கள். மொட்டைமாடியில் நிழல் இருந்தால் நல்லது. மழை ஈரம் இருக்கிற நாளாக இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். இரண்டு பேரும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், பஞ்சுத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. உங்களுக்குத் தெரியாததல்ல.

மூடியைக் கழற்றியதும் கை வைக்காதீர்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லி, கரப்பான், எறும்புப் புற்று எல்லாம் பார்த்திருக்கிறேன். பிறகு கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு கையால் தொட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக் (நிலை மின்சாரம்) சமமாகிவிடும். கீழே பிளாஸ்டிக் பாய் விரிக்க வேண்டாம், பாலியஸ்டர் சேலையோ சட்டையோ வேண்டாம், பருத்தி போதும். வீட்டு வேக்கம் கிளீனரை மதர்போர்டு பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதன் பிளாஸ்டிக் முனையில் ஸ்டாட்டிக் சேரும்.

முதலில் சிபியு விசிறி. இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, இறக்கைகளுக்கு நடுவிலும் பக்கவாட்டிலும் ட்வீசரை விட்டு, பஞ்சை மெதுவாக இழுங்கள். ஓர் ஓரம் கிடைத்துவிட்டால் அடை மாதிரி மொத்தமாக வரும். அந்த அடையை எடுத்தாலே முக்கால் வேலை முடிந்த மாதிரி. ட்வீசர் இரும்பு என்பதால் ஹீட் சிங்க், விசிறி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், போர்டில் படக் கூடாது. போர்டுக்கு பிரஷ் மட்டும், தடவுகிற மாதிரி. அதன் பிறகு புளோயரை ஓர் அடி தள்ளிப் பிடித்து, விட்டுவிட்டு ஊதுங்கள். எந்த விசிறியை ஊதினாலும் அது சுற்றாதபடி பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும், அப்புறம் அந்த இரைச்சல் நிரந்தரம்.

எஸ்எம்பிஎஸ், அதாவது கரண்ட் வருகிற அந்த இரும்புப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். என்னோடு வேலை பார்த்த பையன் ஒருவன் அதில் கை வைத்து, மேசைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தான். பிழைத்தது அவன் அம்மா செய்த புண்ணியம். வெளியே தெரிகிற வலையை பிரஷ்ஷால் துடைத்து, புளோயரால் லேசாக ஊதினால் போதும். உள்ளே அடை அடையாகத் தெரிந்தால் அதை மட்டும் கடையில் கொடுங்கள், அல்லது புதிது மாற்றுங்கள்.

அடுத்தது பிசுக்கு. உங்கள் ஷெட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவார்கள்தானே? மிஷின் ஆயில் வாடையும் காற்றில் இருக்கும். அதனால் விசிறி இறக்கையில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிரஷ்ஷுக்கு வராது. துணியில் ஆல்கஹால் நனைத்து, நன்றாகப் பிழிந்து, இறக்கை இறக்கையாகத் துடையுங்கள். பாட்டிலை நேராகப் பெட்டிக்குள் சாய்க்க வேண்டாம். கை சானிட்டைசரும் ஆல்கஹால்தானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதில் கிளிசரின் கலந்திருக்கும், காய்ந்ததும் பிசுபிசுவென்று நின்று அடுத்த பஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று, இதை உங்களிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: செக்கிங்கில் கறை எடுக்கிற கெமிக்கல் கன் இருக்குமே, அதை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். ஒரு கம்பெனியில் அதை வைத்துத் துடைத்து, விசிறி இறக்கையின் பிளாஸ்டிக் வெளுத்து, விரிசல் விட்டு என்னிடம் வந்தது. அதில் பலவகை தீப்பிடிக்கவும் செய்யும்.

ஹீட் சிங்க்கைக் கழற்ற வேண்டுமா என்றால், முதல் முறையே வேண்டாம். அடையை எடுத்துவிட்டு மாட்டிப் போட்டுப் பாருங்கள். சூடு இறங்காவிட்டால் மட்டும் பேஸ்ட் வேலை. கழற்றினால் பழைய பேஸ்ட்டோடு திரும்ப வைக்கக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன். உங்கள் மாடலில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். அதன் தலையில் அம்புக்குறி பார்க்கலாம். அம்பு காட்டுகிற பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் இரண்டு பக்கமும் பளிச்சென்று துடைத்து, நடுவில் பட்டாணியைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு பொட்டு. விரலால் பரப்ப வேண்டாம், அழுத்தத்தில் அதுவே பரவும். திரும்ப மாட்டும்போது தலைகளைப் பழைய நிலைக்குத் திருப்பி வைத்து, எதிரெதிர் மூலையாக டக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். ஓர் ஊசி சரியாக இறங்காவிட்டாலும் சூடு முன்பைவிட மோசமாகும்.

நன்றாகக் காய்ந்த பிறகு, குறைந்தது அரை மணி நேரம் கழித்து மாட்டுங்கள். செய்வதற்கு முன்னாலும் பின்னாலும் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கிற செட்டிங்ஸ் திரைக்குள் போய் சிபியு டெம்பரேச்சரைக் குறித்து வைத்துக்கொண்டால், செய்தது பலித்ததா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.


காஜாபட்டன் எழுதியது:

மெக்கானிக் என்று கூப்பிட்டதால் வந்தேன். பதினாறு வருஷமாக கார்மென்ட்ஸ் மெயின்டனன்ஸ்.

அண்ணன் சொன்னது சரி. ஷெட் ஏர் லைனில் 6 முதல் 8 பார் வரை அழுத்தம் இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்து அடித்தால் போர்டில் செருகியிருக்கிற சின்ன ஜம்பர், ஸ்டிக்கர், விசிறி இறக்கை எது வேண்டுமானாலும் தெறிக்கும். அதைவிட முக்கியம் தண்ணீர். காற்றை அமுக்கும்போது அதில் இருக்கிற ஈரம் டேங்கில் தண்ணீராகத் தங்கும். மழை நாளில் காலையில் டேங்க் அடி வால்வைத் திறந்தால் ஒரு டம்ளர் கூட வரும், துரு கலந்து செங்கல் நிறத்தில். தினமும் வடிக்காத கம்பெனியில் அந்தத் தண்ணீர்தான் ஏர் கன் வழியாக வெளியே வரும். ஒரு வெள்ளைத் துணியில் ஓர் அடி தூரத்தில் பத்து விநாடி ஊதிப் பாருங்கள், தெரிந்துவிடும். சில லைனில் காற்றழுத்தத்தில் ஓடுகிற நியூமேட்டிக் மிஷினுக்காக, காற்றில் எண்ணெய் கலக்கிற லூப்ரிகேட்டர் வைத்திருப்பார்கள், அதில் எண்ணெயும் சேர்ந்து வரும். தையல் மிஷினுக்கு எண்ணெய் பட்டால் கேடில்லை. மதர்போர்டு அப்படியில்லை.

முதலாளியிடம் அந்த வெள்ளைத் துணியைக் காட்டுங்கள் தங்கச்சி. நீங்கள் வாதம் செய்ய வேண்டியதே இல்லை.


கரும்பலகை எழுதியது:

கிராமத்துப் பள்ளியில் கணினி ஆசிரியை. எங்கள் லேபில் ஒவ்வொரு பருவ விடுமுறையிலும் பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் செய்கிறோம். ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன்.

பெட்டியின் பின்பக்கம் நீள நீளமாக ஸ்லாட் ஓட்டைகள் இருக்கும். பழைய கார்டு எதையாவது கழற்றியவர்கள் மூடியைத் திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள். பல்லி அந்த வழியாகத்தான் வரும். உள்ளே கதகதப்பாக இருக்கும், பூச்சியும் கிடைக்கும். எங்கள் லேபில் ஒரு சிஸ்டத்தில் கேபிள் கட்டுக்குப் பின்னால் இரண்டு முட்டை இருந்தது. இன்னொன்றில் பல்லியே எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டி, ஃபியூஸோடு போயிற்று. பிள்ளைகள் அன்று சாப்பிடவே இல்லை. அந்த மூடிகள் ஒரு தகடுதான், கடையில் கேட்டால் பழைய பெட்டியிலிருந்து சும்மாவே கழற்றித் தருவார்கள். கிடைக்காவிட்டால் நைலான் கொசுவலையை வெட்டி வெளிப்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

மானிட்டரையும் கீபோர்டையும் விட்டுவிடாதீர்கள். மானிட்டருக்கு மைக்ரோஃபைபர் துணியில் வெறும் தண்ணீர், துணி ஈரமாக இருக்கிறது என்று கைக்குத் தெரிகிற அளவு மட்டும். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற ஸ்பிரே வேண்டாம், திரை மேல் இருக்கிற பூச்சு போய்விடும். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, பிரஷ் போட்டாலே போதும்.


நொய்யல்கரை எழுதியது:

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5 மணி. அண்ணா, தயவுசெய்து யாராவது பார்த்தால் உடனே பதில் போடுங்கள். எல்லாம் சுத்தம் செய்து மாட்டிவிட்டோம். விசிறி சுற்றுகிறது, லைட் எரிகிறது, ஆனால் மானிட்டரில் எதுவும் வரவில்லை. பீப் பீப் என்று விட்டுவிட்டுச் சத்தம் வருகிறது. தம்பி ராமைக் கழற்றி பிரஷ் போட்டுத் திரும்ப மாட்டினான். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நாளைக்குக் காலையில் பில் போட்டு லாரி அனுப்ப வேண்டும்.


ஸ்டார்ஸ்குரு எழுதியது:

பதற வேண்டாம். ராம் சரியாக உட்காரவில்லை, பெரும்பாலும் அதுதான். தம்பியைத் திட்டாதீர்கள், நானும் இதை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

பவர் ஒயரைப் பிடுங்குங்கள், பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள். ராமைக் கழற்றி, அதன் அடியில் இருக்கிற தங்க நிறப் பற்களை ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரே திசையில் துடையுங்கள். ரப்பர் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். அது அந்தப் பூச்சைத் தேய்த்துவிடும், துகளும் ஸ்லாட்டில் விழும். ஸ்லாட்டுக்குள் பஞ்சு இழை கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, இருந்தால் புளோயரால் ஊதுங்கள். வெட்டு இருக்கிற இடத்தை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, இரண்டு பக்கக் கட்டை விரலாலும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். பயந்து பயந்து அழுத்தினால் உட்காராது. கிளிப் தானாக மூடிக்கொள்ள வேண்டும்.

அப்படியும் வராவிட்டால் சிபியு பக்கத்தில் இருக்கிற 4 பின் பவர் ஒயர் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நான் ஃபோன் பக்கத்திலேயே இருக்கிறேன்.


நொய்யல்கரை எழுதியது:

வந்துவிட்டது அண்ணா. ராம் ஸ்லாட்டுக்குள் ஒரே ஓர் இழை, அரை அங்குலம்கூட இருக்காது, குறுக்கே கிடந்தது. எடுத்துவிட்டு நீங்கள் சொன்ன மாதிரி அழுத்தினோம். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் தன்னால்தான் கெட்டுப்போனது என்றே நினைத்துவிட்டான். உங்கள் பதிலை அவனிடம் படித்துக் காட்டினேன்.

இப்போது முழுதாகச் சொல்கிறேன். முதலாளியிடம் வெள்ளைத் துணியில் ஊதிக் காட்டினோம். பழுப்புத் துளிகள் வரிசையாக விழுந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை, புளோயர் வாங்கப் பணம் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் கம்ப்ரெசர் டேங்கையும் வடிக்கச் சொல்லிவிட்டாராம்.

மூடியைத் திறந்ததும் மதர்போர்டே தெரியவில்லை. எல்லாவற்றின் மேலும் பஞ்சு மெத்தை. ஹீட் சிங்க் மேல் இருந்த அடையை ஓவர்லாக் அக்காவின் ட்வீசரால்தான் இழுத்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே முழுசாக வந்தது, சின்ன சப்பாத்தி அளவுக்கு வட்டமாக. அதை ஒடித்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுக்கடுக்காக நிறம். மேலே நேவி புளூ, அது இப்போது ஓடிக்கொண்டிருக்கிற ஆர்டர். அதன் கீழே வெள்ளை. அதற்கும் கீழே மெரூன். அந்த மெரூன் டி ஷர்ட்டுக்கு போன தீபாவளிக்கு முன்னால் நான்தான் பேக்கிங் லிஸ்ட் போட்டேன், இரண்டு நாள் இரவு 11 மணி வரை இருந்து. அடியில் ஒரு சாம்பல் நிறம் இருந்தது, அது எந்த ஆர்டர் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சேர்வதற்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். போன வருஷம் சர்வீஸில் யாரும் இதைத் தொடவே இல்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது.

பயாஸில் முன்பு 84 டிகிரி காட்டியது. இப்போது 46. ஹீட் சிங்க்கைக் கழற்றவில்லை, பேஸ்ட் சிரிஞ்சு பிரிக்காமல் டிராயரில் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் வலைக்குள் கொஞ்சம் பஞ்சு தெரிகிறது, தொடவில்லை. பின்பக்கம் இரண்டு ஸ்லாட் மூடி இல்லை, டீச்சர் சொன்ன மாதிரி கொசுவலை ஒட்டிவிட்டேன். உறையைக் கழற்றி கேன்டீன் அக்காவுக்குக் கைப்பிடித் துணியாகக் கொடுத்தாயிற்று. சிபியு தரையில் இருந்தது, அதை எங்கே வைப்பது?


ஸ்டார்ஸ்குரு எழுதியது:

84லிருந்து 46. இதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது தங்கச்சி.

பஞ்சு கடைசியில் தரையில்தான் படியும். துடைப்பம் போடும்போது எழும்புவதையெல்லாம் தரையில் இருக்கிற பெட்டி இழுத்துக்கொள்ளும். மேசை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள், குறைந்தது ஒரு மர ஸ்டூல் மேலாவது வையுங்கள். சுவருக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. முன்பக்கம் காற்று இழுக்கிற இடத்தில் மட்டும் நைலான் வலை ஒரே மடிப்பாக ஒட்டுங்கள், பின்பக்க விசிறியை மூடாதீர்கள். அந்த வலையில் பஞ்சு படிவது கண்ணுக்குத் தெரியும். வாரம் ஒரு முறை, சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்த பிறகு, பிரஷ்ஷால் ஒரு இழுப்பு. அதைத் துடைக்காமல் விட்டால் வலையும் பழைய உறை மாதிரியே ஆகிவிடும். மூடியைத் திறந்து முழுதாகச் செய்வது உங்கள் இடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.

எஸ்எம்பிஎஸ் பற்றி: வலைக்குள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருக்கிறது என்றால் உள்ளே அதிகம் இருக்கும். பஞ்சு எளிதில் தீப்பிடிக்கிற பொருள், சுற்றிலும் துணி அடுக்கி வைத்திருக்கிற இடம் வேறு. அதை ஒத்திப்போடாமல் இந்த மாதமே மாற்றிவிடச் சொல்லுங்கள். அதுவரை இரவில் யுபிஎஸ்ஸை அணைத்து, சிபியு ஒயரையும் பிடுங்கிவிட்டுக் கிளம்புங்கள்.


நொய்யல்கரை எழுதியது:

முதலாளியிடம் சொல்லிவிட்டேன், புதன்கிழமை புது எஸ்எம்பிஎஸ் வருகிறது. இந்தச் சனிக்கிழமை சம்பளக் கவர் எல்லாம் 5:40க்கே முடிந்துவிட்டது. அந்தக் கைக்குழந்தை அக்கா முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார்.

கட்டிங் மாஸ்டர் ரூமில் பேட்டர்ன் போடுகிற சிஸ்டம் ஒன்று இருக்கிறது. அதையும் நானும் தம்பியும் பார்க்கலாமா என்று கேட்கிறார். அது ஏஎம்டி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதற்கும் இதே முறைதானா?


ஸ்டார்ஸ்குரு எழுதியது:

ஏஎம்டி என்பது இன்டெல் மாதிரி இன்னொரு சிப் கம்பெனி. பஞ்சு எடுக்கிற வரை இதே முறைதான். ஆனால் ஹீட் சிங்க்கை மட்டும் என்னைக் கேட்காமல் கழற்றாதீர்கள். பல ஏஎம்டி மாடல்களில் சிப்பின் ஊசிகள் சிப்பிலேயே இருக்கும், பேஸ்ட் இறுகிப் போயிருந்தால் ஹீட் சிங்க்கோடு சிப்பும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளைந்துவிடும். பத்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, ஒயரைப் பிடுங்கி, இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகுதான் தூக்க வேண்டும். முதலில் மூடியை மட்டும் திறந்து நாலு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.